லாபம், ரெண்டு, மூணு

இளம்பிள்ளையிலிருந்து மாதம் ஒருமுறை சேலை மூட்டையோடு வரும் பாவாயி, இந்த முறை மூட்டையை அவிழ்க்கும் முன்பே சொன்னாள்: "சூரமங்கலத்துத் தூக்க டாக்டரு கண்ணை மூடிட்டாருங்க." எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எத்தனை வருஷமாக மூடாத கண் அது. "எப்பருந்து தூங்கறாரு?" என்று கேட்டுவிட்டேன். பாவாயி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, வியாழக்கிழமையே எடுத்துவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அன்று நான் சேலை எதுவும் பார்க்கவில்லை.

அவரோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கும், அவர் கையால் மயங்கி நல்லபடியாக எழுந்து வீடு போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். டாக்டர் தெய்வசிகாமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று உங்களுக்கு விளங்கும்.

அவர் சென்னைப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர். சோளத்தையும் கம்பையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. நெல் மரத்தில் காய்க்கிறதா என்று கேட்டாலும் கேட்பார் என்று நர்ஸுகள் நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆபரேஷனுக்கு முன்னால் குளோரோபாரம் கொடுப்பது மற்ற டாக்டர்களுக்கு ஏனோதானோ என்று செய்து முடிக்கிற வேலை. இவருக்கு அது ஒன்றுதான் வேலை. கத்தி பிடிக்கிற பெரிய டாக்டர் வருவதற்கு அரை மணி முன்பே நோயாளியின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

நம் ஜனங்களுக்குக் கத்தியைவிட மயக்கத்தின் மேல்தான் பயம் அதிகம். மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர், "எங்க வேணாலும் அறுத்துக்கங்க சாமி, தூங்க மட்டும் வெச்சுப்போடாதீங்க" என்று மேஜையிலிருந்து இறங்கப் பார்த்தார். டாக்டர் கோபிக்கவில்லை. "தூக்கம் வேற, மயக்கம் வேறங்க பெரியவரே. தூங்கறவர் வீட்டுக்குள்ளயே இருக்கார், கூப்பிட்டா வருவார். மயங்கினவர் வெளியே போயிருக்கார். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்லயே உட்கார்ந்திருப்பேன்" என்றார். ஆட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வழியில் நாய் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்று டாக்டர் சத்தியம் செய்த பிறகுதான் படுத்தார்.

இன்னொரு நாள் ராசிபுரத்து நெசவாளி ஒருவர் கையில் பெரிய கட்டியோடு வந்தார். இருதயம் பலவீனம், குளோரோபாரம் தாங்காது. டாக்டர் அவர் காதருகே குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு தறியில் உட்காரச் சொன்னார். நாடா வலப்பக்கமிருந்து போகிறது, இடப்பக்கம் வந்துவிட்டது, மிதியுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். குரல் வரவர மெதுவாயிற்று. மேஜையின் மேல் நெசவாளியின் பாதம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டு முடித்தார். அந்தப் பாதம் ஒருமுறைகூடத் தப்பவில்லை. கண் விழித்ததும் அவர் சொன்னது, "அரை முழம் ஓட்டிட்டனுங்க." அன்றைக்கு டாக்டர் கை கழுவும்போது என்னிடம் சொன்னார்: "மருந்து பாதி, குரல் பாதி நர்ஸம்மா. மருந்தை அளக்கக் கண்ணாடி இருக்கு. குரலை அளக்கத்தான் ஒண்ணும் இல்லை."

குளோரோபாரம் கொடுக்கும்போது அவருக்கு ஒரு முறை உண்டு. கம்பிக்கூண்டில் துணி போர்த்திய மூடியை மூக்கின் மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக மருந்தை விடுவார். நோயாளி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண வேண்டும். முப்பதுக்குள் எண்ணிக்கை குழறும், பிறகு நிற்கும். அது நின்றால் ஆள் வெளியே போய்விட்டார் என்று கணக்கு. அதுவரை சொட்டு விடுவார்; நின்றதும் சொட்டைக் குறைப்பார். அத்தனை வருஷத்தில் அந்த முறை ஒருவரையும் கைவிட்டதில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்துக் கவுண்டர் குடலிறக்கத்துக்காக வந்து சேர்ந்தார். சுற்றுவட்டாரத்துக் களங்களிலெல்லாம் தானியம் அளக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். நம் பக்கத்தில் வள்ளம் என்கிற படியைப் பிடித்துத் தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் வள்ளம் லாபம். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. அடுத்த வள்ளம் நிரம்பும்வரை கையிலிருக்கிற எண்ணை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கணக்குத் தப்பாமல் இருக்க. என் சித்தப்பாவும் அந்த வேலை செய்தவர்தான். மத்தியானக் களைப்பில் களத்து வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கும்போதும் அவர் வாய் எண்ணும். வாயில் ஈ மொய்க்கும், குறட்டைகூட வரும், எண் மட்டும் தப்பாது. சிறுமியாக நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மூடியை வைத்து எண்ணச் சொன்னதும் கவுண்டர், "லாபம், லாபம், லாபம்" என்றார். டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். "ஒண்ணுன்னு அர்த்தமுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த அறையில் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நர்ஸ் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் அங்கே சட்டம். கவுண்டரின் வலக்கையை நான் பிடித்திருந்தேன். அவர் விரல்கள் வள்ளத்தின் விளிம்பைப் பிடிப்பதுபோல் வளைந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் சாய்ந்து நிமிர்ந்தன. இருபத்திரண்டில் அந்தக் கை என் கைக்குள் விழுந்தது. ஈரத்துணி விழுவதுபோல் விழுந்தது. வாய் மட்டும் எண்ணிக்கொண்டே போயிற்று. "இன்னும் முழிச்சிருக்கார்" என்று டாக்டர் சொட்டை நிறுத்தாமல் விட்டார். என் சித்தப்பாவின் வாய் எனக்கு நினைவு வந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். டாக்டருக்குத் தெரியாததா என்றும் நினைத்தேன். அறுபத்து மூன்றில் எண்ணிக்கை நின்றது. கூடவே மூச்சும் நின்றது. கைகளைத் தூக்கி இறக்கி, நெஞ்சை அழுத்தி, தெரிந்ததெல்லாம் செய்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த கவுண்டரின் மனைவியிடம் டாக்டரே போனார். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், எண்ணிக்கை உட்பட. அந்த அம்மாள் அழவில்லை. எதுவரைக்கும் எண்ணினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அது வெறும் வாயிங்க சாமி. தூக்கத்துலயும் எண்ணுவாருங்க. பக்கத்துல படுக்கறவ எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்படியும் உண்டா நர்ஸம்மா? நீங்க இந்தப் பக்கத்தவங்களாச்சே" என்று கேட்டார்.

"கேள்விப்பட்டதில்லீங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். தெரிந்திருந்தால் மேஜைக்குப் பக்கத்தில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். புருஷனை இழந்து, பிறந்த வீட்டில் வேண்டாதவளாகி, இந்த வேலை ஒன்றைப் பற்றிக்கொண்டு நின்றவள் நான். இது காரணம், சமாதானம் இல்லை. அந்த அம்மாள் தம்மைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாள் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் எண்ணச் சொன்னதில்லை. "கதவு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பார். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட முடியாத கேள்வி அது. ஆள் உள்ளே இருந்தால்தான் கையைக் காட்ட முடியும். சரியாகக் காட்டுகிறவரை சொட்டு விடுவார், தடுமாறினால் குறைப்பார். உங்களில் பலர் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியபடியேதான் மயங்கியிருப்பீர்கள். பிறகு ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் அவர் தூக்கம் போய்விட்டது. குளோரல் என்னும் தூக்க மருந்தைக் குடிக்க ஆரம்பித்தார்.

அவர் குடித்தது தூங்குவதற்காக மட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். சாய்வு நாற்காலிக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு. கையில் பீரோச் சாவி. மருந்தைக் குடித்துவிட்டு எண்ணுவார்; கை தளர்ந்தால் சாவி தட்டில் விழும். எது முதலில் நிற்கிறது, வாயா கையா என்று நான் கடிகாரத்தோடு பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். ஆறு தடவையும் வாய் முதலில் நின்றது; பிறகுதான் சாவி விழுந்தது. ஆறாவது தடவை விழித்ததும் அவர் சொன்னார்: "பார்த்தீங்களா? எண்ணறவன் முழிச்சிருக்கறவன்தான். அந்த மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்திருக்கு. மூச்சு முட்டறது தெரிஞ்சிருக்கு. நான் எண்ணச் சொன்னேனே, அதுக்காக எண்ணிக்கிட்டே இருந்திருக்கார்."

அவர் பட்டணத்து மனிதர். களத்தில் ஒரு நாள் நின்றவரில்லை. அவர் வாயை வைத்துக் கவுண்டரின் வாயை எப்படிச் சோதிப்பது? அதை அன்றே சொல்லியிருக்கலாம். கவுண்டரின் கை இருபத்திரண்டிலேயே விழுந்துவிட்டது, அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மனிதர் டாக்டரின் கையால் இறந்தார் என்பது மாறாது. நினைவோடு மூச்சுத் திணறி இறந்தார் என்பது மாறியிருக்கும். நான் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அப்போது என்னைத் தடுத்தது வேலை பயம்கூட இல்லை, வெறும் வெட்கம். ஒரு பொய்யை ஒரு வருஷம் வைத்திருந்துவிட்டால் அதை வெளியே எடுக்கக் கூச்சமாகிவிடுகிறது. அப்படியே பல வருஷங்கள் ஓடின. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சூரமங்கலத்தில் ரயில்வே வேலையிலிருந்த தம்பி வீட்டோடு போய்விட்டார்.

போன பங்குனியில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. மருந்து ஊறிப் போயிருந்த உடம்பு. காலையில் குடித்ததா, முந்தின நாள் குடித்ததா என்று தம்பி மனைவிக்கே தெரியவில்லை. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் சித்தப்பா, வேப்பமரத்தடி, என் கைக்குள் விழுந்த கை, வராந்தாவில் நான் சொன்ன பொய், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சிரித்தார். அவ்வளவு நல்ல சிரிப்பை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தினமும் கனவுல வந்து இதையேதான் சொல்றீங்க நர்ஸம்மா" என்றார். "எனக்கு ஆறுதலாத்தான் இருக்கு. ஆனா முழிச்சா நீங்க இருக்க மாட்டீங்க."

இது கனவு இல்லை, நான் வந்திருக்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்; கனவிலும் அப்படித்தான் சொல்கிறேனாம். வேறு வழி தெரியாமல் அவர் கேள்வியையே அவரிடம் கேட்டேன்: "டாக்டர், கதவு எந்தப் பக்கம் இருக்குங்க?" அவர் கையைத் தூக்கி, ஜன்னல்கூட இல்லாத சுவரைக் காட்டினார்.

என்னிடம் இருப்பது அந்தப் பீரோச் சாவி. பீரோ எங்கே போயிற்றோ தெரியாது. தம்பி மனைவி அன்று என்னை வழியனுப்பும்போது, அவர் அதை எப்போதும் கையிலேயே வைத்திருக்கிறார், நீங்களாவது எடுத்துப் போங்கள் என்று கொடுத்தாள். அதோடு ஒரு வாக்கியமும் என்னிடம் இருக்கிறது. அவருக்குச் சேர வேண்டியது. காலத்தில் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். இப்போது உங்களிடம் சொல்வதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. ஆனாலும் அவரை அறிந்த நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள். கை முதலில் விழுந்தது. இருபத்திரண்டில். நான் பிடித்திருந்தேன்.