பந்தி காத்த கிளமெண்ட்

ஹார்ட் டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறார் கிளமெண்ட் அண்ணன். வந்தவர் யாராக இருந்தாலும் அவர் எண்ணி முடிக்கும்வரை வாசலில்தான் நிற்க வேண்டும். பழுதாகிவரும் டிஸ்க் உள்ளே 'டிக்... டிக்' என்று தட்டுகிறது. "பதினேழு தட்டு. நேத்துக்கு இன்னைக்குத் தேவல" என்றபடி நிமிர்வார்.

அவனியாபுரத்தில் பதினோரு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வீடியோ எடுக்கிறார். அத்தனையும் இந்த ஒரே டிஸ்க்கில். கல்யாண வீடியோவை மறுபடி கேட்டு எந்த மாப்பிள்ளையும் வந்ததில்லை. இழவு வீட்டார்தான் வருகிறார்கள். விடிவதற்குள் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாக வேண்டும். செத்தவருக்கோ ஆதார் அட்டைப் படம் தவிர வேறு படம் கிடையாது. அதைப் போட்டால், படம் எடுத்த அன்றே ஆள் போய்விட்டதாக ஊர் நினைக்கும்.

"செத்தது யாரு, சுடலையா? பால்பாண்டி மக காதுகுத்து. ரெண்டாம் பந்தி, சன்னலோரம்" என்றார் அண்ணன், கம்ப்யூட்டரைத் தொடாமலே. வீடியோவில் சொன்ன இடத்தில் சுடலை கையில் அப்பளத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். போஸ்டருக்காக அண்ணன் அப்பளத்தை அழித்து, சட்டையை வெளுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாளே சுடலையின் மனைவி சீனியம்மாள் கடைக்கு வந்துவிட்டாள்: "அப்பளத்த ஏண்ணே அழிச்சீக? அந்த மனுசன் சிரிச்சதே அதுக்குத்தான?"

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் இம்மானுவேல் நான்கு மாதமாகத் தலையில் அடித்துக்கொள்கிறான். "புதுச மாட்டுங்கண்ணே."

"புதுசு எப்பச் சாகும்னு தெரியாது மாப்ள. இது சாகப்போகுதுன்னு தெரியும். தெரிஞ்சவன்கூடவே இருந்துக்கிறேன்."

பேச்சுதான் இப்படி. புது டிஸ்க்கை இம்மானுவேல் முதல்முறை சொன்ன அன்றைக்கே வாங்கி, பெட்டிகூடப் பிரிக்காமல் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். "பழசு இன்னும் ஒரு ஓட்டந்தான் தாங்கும், அதுவும் பாதியில நின்னுரலாம். முக்கியமானத முதல்ல புதுசுக்கு இழுங்க" என்று இம்மானுவேல் சொன்னதுதான் அவரை முடக்கிவிட்டது. ஊரில் யார் முக்கியம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவனியாபுரத்தில் கடை நடத்த முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை தட்டு அறுபதைத் தாண்டியது. பெட்டியைப் பிரித்தார்.

"என்னண்ணே, தாலி கட்டுறத விட்டுட்டுச் சோத்த இழுக்குறீக?" என்று இம்மானுவேல் அலறினான்.

"மேடைக்குச் சொந்தக்காரந்தான்டா ஏறுவான். பந்திக்கு ஊரே வரும்."

கல்யாணம் கல்யாணமாகத் திறந்து, பந்தியை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டோடு வந்த அவர் மனைவி ஆன்சி திரையைப் பார்த்தபோது, ஓடிக்கொண்டிருந்தது அவர்களுடைய கல்யாணம். கோயிலையும் மேடையையும் தாண்டி, அண்ணனின் கை நேரே பந்திக்குப் போயிருந்தது.

"நான் மோதிரம் போட்டது ஒங்களுக்கு முக்கியமில்லையா?" சாப்பாட்டுத் தூக்கை ணங்கென்று வைத்தாள்.

"நாமதான் இருக்கோமே ஆன்சி." அவர் திரும்பவில்லை. "பிரியாணி பத்தாமப் போயிருமோன்னு மாமா பந்திய விட்டு நகரவே இல்ல. மேடையில ஒரு படத்துலகூட அவரு இல்ல."

திரையில், மூன்று வருடத்துக்கு முன் காலமான ஆன்சியின் அப்பா, அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் எம்புட்டுப் பேருப்பா?" என்றார். டிஸ்க் கடகடவென்று தட்டியது.

ஆன்சி, அண்ணனுக்கு ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியைத் தூக்கி, சூடேறிய டிஸ்க்குக்கு நேராக வைத்தாள்.