மஞ்சள் பூசிய எல்லைக்கல்

பெம்பானிலிருந்து வடக்கே, நெகிரி செம்பிலான் என்ற மலாய்ச் சீமையின் எல்லையை ஒட்டியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எல்லை என்றால் வேலியா, மதிலா? ஒன்றும் கிடையாது. காட்டோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சர்க்கார், அந்தப் பக்கம் மலாய் ராஜாவின் சீமை. அதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஊர் எல்லையில் தனியாக ஒரு கல் நின்றால் அது எல்லைச்சாமி. கப்பலேறி வந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மஞ்சள் பூசினோம், குங்குமம் வைத்தோம், வெள்ளிக்கிழமை தோறும் சூடம் கொளுத்தினோம். கல்லில் இங்கிலீஷ் எழுத்து செதுக்கியிருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குப் படிக்கத் தெரியும். அந்த மனிதர் வாயைத் திறந்திருந்தால் என் தலையெழுத்தே வேறு.

எனக்கு இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது ஏழாம் மாதம். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து அரை மைல் நடந்து போய்க் கும்பிட முடியவில்லை. வழியெல்லாம் அட்டை. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சாமிய லயத்துக்குப் பின்னால கொண்டாந்து வச்சிருங்க. தெனமும் கும்பிட்டுக்குவேன்ல."

"சாமிய எடம் மாத்தலாமா புள்ள?"

"உங்க புள்ளைக்காகத்தானே கேக்குறேன். நான் என்ன தங்கமா கேட்டேன்?"

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடப்பாரையோடு போய்க் கல்லைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்து பலாமரத்தடியில் நட்டார். லயமே வந்து கும்பிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாதம் முடிவதற்குள் நிலம் அளக்கிறவர்கள் சங்கிலியோடு வந்துவிட்டார்கள். கல்லைக் காணோம் என்று தேடி, மாலையும் குங்குமமுமாக எங்கள் கொல்லையில் கண்டுபிடித்தார்கள். தோட்டத்துத் துரை வந்தார். இரண்டு பக்கத்துப் போலீஸ்காரர்களும் வந்து, கல் இருந்த குழியருகே என் வீட்டுக்காரரை நிறுத்திவைத்து மலாயில் வாக்குவாதம் செய்தார்கள்.

"என்னங்க சொல்றாங்க?" என்று கிராணியிடம் கேட்டேன்.

"கல்லு இருந்த எடந்தான் எல்லை. அங்கேயே திருடுனவன எந்த சர்க்கார் பிடிக்கிறதுன்னு தெரியலையாம்லா" என்றார். அவருக்குச் சிரிப்பு வேறு.

கடைசியில் போலீஸ் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் துரை. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். பட்டியலில் ஒரு பெயர் சேர்ப்பது அவருக்குப் பெரிய காரியமா? கிராணி துரைக்காக என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "ஒன்ன யாருடா தூக்கச் சொன்னது? சொன்னீன்னா தொர ஒருவேளை விட்டுடுவாரு."

லயமே பார்த்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. நானாத்தான் தூக்குனேன்."

நான் பேசவில்லை. நானும் பட்டியலில் ஏறினால் பிள்ளை கப்பலிலேயே போய்விடும் என்று பயந்தேன். எத்தனையோ வருஷம் அதையே எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை உண்டானவள் கப்பலேறக் கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தடுத்ததால் என் வீட்டுக்காரர் மட்டும் போனார். திரும்ப ஆள் எடுத்தால் முதல் கப்பலில் வருவேன் என்றார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

கல்லைச் சுரண்டிக் கழுவிப் பழைய குழியிலேயே நட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். நான் போகவில்லை. மகள் பிறந்தாள், தங்கினாள். அப்பாவை யார் அனுப்பியது என்று அவள் கேட்கும்போதெல்லாம் துரை என்றுதான் சொல்லி வருகிறேன்.