நான்காவது டிரம் காலி

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை. தோலை ஊறவைத்துச் சுழற்றும் பெரிய மர டிரம்கள் அங்கே எட்டு. அவற்றைச் சுழற்றும் பட்டன் என் மேசையில் இருந்தது. கழுவுவதற்காக யாராவது உள்ளே இறங்கினால் ‘உள்ளே ஆள்’ என்று பதிவேன்; திரையில் அந்த டிரம்முக்குச் சிவப்பு விளக்கு எரியும். அந்தப் பதிவை எடுக்கும்வரை டிரம் சுழலாது.

அன்று காலை பதினொரு மணிக்கு ஒருவர் நான்காவது டிரம்முக்குள் போனார். பதிந்தேன். அந்தக் கணமே கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் கூடவே அணைந்தது. அதைச் சிறிது நேரமாவது தாங்க வேண்டிய யூபிஎஸ்ஸில் நான் மேசை விசிறியைச் சொருகி வைத்திருந்தேன். விசிறி நின்றால் பச்சைத் தோல் நாற்றம் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். மாதக்கணக்காகப் பேட்டரியை விசிறி தின்றிருக்கிறது.

டிரம்கள் நின்ற பிறகு ஷெட்டில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. மரத்தில் பிரஷ் உரசும் சத்தம். அதுவும் நின்றது.

ஜெனரேட்டர் வந்தது. அதில் டிரம்களும் என் அறையும்தான் ஓடும், ஷெட் விளக்குகள் எரியாது. பதிவுகள் சேதமாகிவிட்டன, பழைய நகலை எடுக்கட்டுமா என்று திரை கேட்டது. சரி என்று அழுத்தினேன். நேற்றைய சாயங்காலம் திரும்பி வந்தது. அதன்படி இன்று காலை யாரும் வேலைக்கு வரவில்லை. நானும் வரவில்லை. நான்காவது டிரம்: காலி.

போன் அடித்தது. சூப்பர்வைசர் பாய்.

“நாலுல இன்னா காட்டுது?”

“காலி... பாய்.”

“அப்போ ஓட்டும்மா. லோடு ஏத்தறதுக்கு டிரம் வாய மேல திருப்பணும்.”

அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை நான். விரல் பட்டன் மேல் இருந்தது. பதிந்தேனா, பதிந்ததாக நினைக்கிறேனா? திரை அவ்வளவு தெளிவாக இருந்தது.

போனை அப்படியே வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். உள்ளே இறங்குகிறவர்கள் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு செருப்பை டிரம்முக்கு முன்னால் விடுவது வழக்கம். நான்காவதன் முன்னால் ஒரு ஜோடி இருந்தது. வார் அறுந்த இடத்தில் பச்சை ஒயர் கட்டிய செருப்பு.

“அண்ணே!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இருட்டு வாயிலிருந்து தலை நீண்டது. “இன்னாக்கா, பேய் பாத்தா மாதிரி நிக்கிற? கரண்ட் வரட்டும்னு குந்தினு இருந்தேன்.”

மதியம் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து விசிறியைப் பிடுங்கினார். “எழுதும்போது கரண்ட் போனா பாதியில நின்னு எல்லாம் கெட்டுப்போவும். முழுசா எழுதின பிறகுதான் ‘பதிஞ்சாச்சு’ன்னு காட்டற மாதிரி மாத்திட்டேன். பேட்டரி கம்மியானா கம்ப்யூட்டரே ஒழுங்கா மூடிக்கும்” என்றார்.

பிறகு அந்த அண்ணன் வெளியே வந்ததைப் பதியப் போனேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. உள்ளே போகாதவர் எப்படி வெளியே வருவார்? அதனால் முதலில் அவரை உள்ளே போட்டேன். நான்காவதன் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஆள்.

அவர் என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றார். திரையில் விளக்கையும் கதவு வழியே தெரிந்த காலி டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சீக்கிரம் வெளிய எடுக்கா என்னை” என்றார்.