குர்பான் இறைச்சியும் இன்சுலின் குப்பியும்

எங்கள் வீட்டுக்குப் பிரிஜ் வந்தது தங்கச்சியின் இன்சுலினுக்காக. எண்பதுகளின் தொடக்கம், சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் வேறு யாரிடமும் பிரிஜ் இல்லை. கடைக்காரர் இரண்டு கதவுள்ள பெரியதைக் காட்டினார். வாப்பா அதன் பின்பக்கம் போய்த்தான் பார்த்தார். "இது குளிரைச் செய்யுற மெஷின் இல்ல, உள்ளுக்குள்ள இரிக்கிற சூட்டை இழுத்துப் பின்னால தள்ளுற மெஷின். பெரிசெண்டா கரண்டும் கூடத்தான் குடிக்கும்" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்துவிட்டு, ஒற்றைக் கதவுச் சின்னதை வாங்கி வந்தார்.

அதைப் பராமரித்தது உம்மா. பின்னால் சூடு போக வழி வேண்டுமென்று சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பித்தார். கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார். இலேசாக வந்துவிட்டால் அன்று ரப்பருக்குச் சவர்க்காரக் குளிப்பு. ஐஸ் தடிக்குமுன் நிறுத்தி உருக வைப்பார். சும்மா கதவைத் திறந்தால் எனக்கு ஏச்சுத்தான்.

அப்படிப்பட்ட உம்மாவால் ஹஜ்ஜுப் பெருநாளை மட்டும் வெல்ல முடியவில்லை. பெருநாளுக்கு அறுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சியோடு ஒழுங்கையே வந்து நின்றது. "இதையும் ஒரு மூலையில வைங்க ராத்தா." குர்பான் இறைச்சிக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஐஸ் பெட்டி பிதுங்கி வழிந்தது. கீழ்த்தட்டில் பைகளுக்கு நடுவே இன்சுலின் குப்பி ஒதுங்கிக் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெருநாள் கழிந்து பக்கத்து வீட்டு மாமி தன் பங்கைக் கேட்டு வந்தார். பை ஐஸோடு ஒட்டிப்போயிருந்தது. "மருமகன் வந்து இரிக்காரு, கெதியா எடுத்துத் தாங்க புள்ள" என்று அவசரப்படுத்தினார். உம்மா கத்தியால் நெம்பினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஐஸ் பெட்டிக் குழாயில் ஓட்டை விழுந்து காஸ் எல்லாம் வெளியே போய்விட்டது. மாமிக்கு இறைச்சி கிடைத்தது.

திருத்துகிறவர் மட்டக்களப்பில். ஊரடங்கு போட்டிருந்ததால் பஸ்ஸும் இல்லை, மருந்துக் கடையும் பூட்டு. வாப்பா ஒரு மண்பானையை ஈர மணலில் புதைத்து அதற்குள் குப்பியை வைத்தார். மருந்து கெட்டாலும் பார்வைக்குத் தெரியாது, இரத்தத்தில் சீனி ஏறினால் முதலில் தாகம்தான் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "என்ட புள்ளையத்தான் நான் குத்திப்போட்டன்" என்று உம்மா அந்தக் கத்தியை வேலிக்கு அப்பால் வீசினார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக் குப்பி வந்துசேரும்வரை ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடிந்தது. ஊசி போடுவது நான். தங்கச்சி முதலில் குப்பியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உம்மா குசினி வாசலில் நின்றபடி, "குளிருதா மகள்?" என்பார்.

"ஓம் உம்மா, நல்லாக் குளிருது."

குப்பி என் கைக்கு வரும்போது வெதுவெதுவென்று இருக்கும். ஊசி போட்டதும் அவள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போவாள். நான் அள்ளி அள்ளி ஊற்ற, உம்மா காணுமுன் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள்.