எழுபது சதவீத வாய்ப்பு

ரேஸ் கோர்ஸ் சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுவலகம். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லும் ஆலோசகர் அங்கே இருந்தார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளின் மதிப்பெண்களை லேப்டாப்பில் தட்டிவிட்டு, "எழுபது பர்சென்ட் சான்ஸ் இருக்குதுங்க" என்றார். நாங்கள் கேட்ட பல்கலைக்கழகம், உலகம் முழுவதிலிருந்தும் முதல் மதிப்பெண்காரர்கள் முட்டி மோதும் இடம். வெளிநாட்டுப் பிள்ளைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரையே எடுப்பார்கள். இது தெரிந்தும், அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கரண்ட் பில்லைக்கூட இரண்டு முறை சரிபார்க்கிறவன், டைரியில் 70 என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பள்ளிக்கு வெளியே அவள் செய்ததை எழுதித் தரச் சொன்னார். நான்கு வருட டைரிகளைப் புரட்டிப் பதினொரு பக்கம் எழுதினேன். ஞாயிறுதோறும் காலையில் உக்கடம் குளத்துக்கு நானும் அவளும் போவோம். அவள் பறவைகளை எண்ணுவாள், நான் குறித்துக்கொள்வேன். எந்த வாரம் எந்தப் பறவை எத்தனை என்று எல்லாம் அதில் இருந்தது.

அவர் மூன்றாம் பக்கம் தாண்டவில்லை. "குருவி எண்ணறதெல்லாம் எடுபடாதுங்க சார். அங்க அப்ளிகேஷனப் படிச்சுப் பாக்கறவன் அழுவோணும்."

"அழ வெக்கற மாதிரி இவ ஒண்ணும் செய்யலீங்களே?"

"இப்பச் செஞ்சுபோட்டாப் போச்சுங்க."

"எனக்கு அங்க போயி பறவைகளைப் பத்தித்தான் படிக்கணுங்க" என்றாள் மகள்.

"மொதல்ல சீட்டு வாங்கு அம்மணி. அப்புறம் கொக்கையோ காக்காயையோ படிச்சுக்க."

நான் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு குளத்துக்குப் போகவில்லை. பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்குப் போனோம். 'இலவசக் கல்வி மையம்' என்ற பேனரை ஆலோசகரின் ஆள் சுவரில் கட்டினான். தறி ஓட்டுகிறவர்களின் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் நாற்காலியில் உட்காரப் போனாள். முன்வரிசையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தடுத்தாள்.

"சேருல உக்காரக் கூடாதுங்கக்கா. கீழ உக்காந்து சிலேட்டப் புடிங்க. போன வாரத்து அக்கா அப்படித்தான் புடிச்சாங்க. நான் குனிஞ்சு எழுதறேன், நீங்க என்னையப் பாத்துச் சிரிங்க."

மகள் என்னைப் பார்த்தாள். நான் படத்துக்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் ஐம்பது நிமிடம். பேனர் கட்டியதே பதினைந்து. விண்ணப்பத்துக்காக அவள் பெயரில் ஆலோசகர் எழுதிய கட்டுரையில் அது மூன்று ஆண்டுத் தொண்டு ஆகிவிட்டது.

"பொய்ங்கப்பா இது. குருவிக் கணக்கையே அனுப்பறேனே?"

"எல்லாரும் இப்படித்தான் கண்ணு செய்யறாங்க. அனுப்பிப்போடு."

அனுப்பினாள்.

மாதங்கள் கழித்து, ஒரு காலை இட்லித் தட்டின் முன் அவள் போனைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. இடம் இல்லை. மிகவும் மரியாதையான நாலு வரி.

நான் நேரே ரேஸ் கோர்ஸ் போனேன். ஆலோசகரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "எழுபதுன்னா மீதி முப்பது இருக்குதுல்லீங்க சார். அம்மணி அந்த முப்பதுல வந்துருச்சுங்க." இதற்கு மேல் ஒரு மனிதனிடம் கணக்குப் பேச முடியாது. அவர் மேசையில் அடுத்த வருடத்துக்கான ஃபைல் திறந்து கிடந்தது. புகைப்படத்தில் யாரோ ஒரு பையன் சிலேட்டைப் பிடித்துச் சிரித்தான். அவன் எதிரில் அதே சிறுமி, அதே குனிதல். கொஞ்சம் வளர்ந்திருந்தாள்.

வீட்டில் மகள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முப்பது சதவீதத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"குருவிக் கணக்கை அனுப்பி, வேண்டாம்னு சொல்லியிருந்தா, என்னைய வேண்டாம்னுட்டாங்கன்னு அழுதிருப்பேனுங்கப்பா. இப்ப அவங்க யாரை வேண்டாம்னாங்கன்னே தெரியலீங்க."

அந்தப் பதினொரு பக்கம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. தேதி வாரியாக, பிழையில்லாமல்.