மூன்று சீட்டு எழுதிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடத்துக்கு முன்பு, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் நடந்தது இது. என் கழுத்தில் ஒரு கட்டி. நாங்கள் குடியிருக்கும் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டுச் சதை எடுத்து, புற்றுநோயா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். எனக்கா, சும்மாவே கவலைப்படுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்து நாள் என்றால் கேட்கவா வேண்டும்! சோறு இறங்கவில்லை, தூக்கமும் போய்விட்டது.

அதற்கு முந்தின ஞாயிறு தனியாகக் கொமுட்டர் ரயில் ஏறிச் சபைக்குப் போனேன். வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கும். விஷயத்தைச் சீட்டில் எழுதிப் போட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் ஒரு சந்தேகம். இதே பெயரில் சபையில் இன்னொரு அக்கா இருக்கிறாரே! மெல்ல எழுந்து போய், ஐசி, அதாவது அடையாள அட்டை, நம்பரோடு இரண்டாவது சீட்டு போட்டேன். காணிக்கை எடுக்கும் நேரத்தில் மூன்றாவது. அதில் டாக்டர் பெயர், அறை எண், காலை ஒன்பதரை மணி, எல்லாம் எழுதினேன்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் நாங்கள் கூடிப் பெட்டியைத் திறந்து ஜெபிப்பது வழக்கம். சீட்டுகளைப் பிரித்த சபைத் தங்கச்சி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, மூனும் ஒங்களோடதா? ஆண்டவரு ஐசி எல்லாம் கேக்க மாட்டாரு லா!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வெட்கமாகப் போய்விட்டது, ஆனாலும் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டேன். என்னைப் படைத்தவருக்கு நான் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தேனே! அந்தத் தங்கச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “ஆண்டவரே, உம்ம கையில விட்டுட்டேன்” என்று மட்டும் ஜெபித்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தால் கடைசி நிலையம், போர்ட் கிள்ளான்! கிள்ளான் ஸ்டேஷனில் காத்திருந்த என் வீட்டுக்காரர் போனில் பதறினார்.

“எங்கடி இருக்க?”

“தூங்கிட்டேங்க. போர்ட் கிள்ளான் வந்துட்டேன்.”

“தூங்கிட்டியா? நீயா?” என்று இரண்டு தரம் கேட்டார் மனுஷன். நான் தூங்கினேன் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் புற்றுநோய்தான் என்றார். ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சை செய்தால் போதும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கார் சாவியைக் கீழே போட்டுவிட்டார். நான்தான் குனிந்து எடுத்தேன். “வாங்க, மொதல்ல பசியாறிட்டு வருவோம். ஆண்டவரு நம்மள விட்டுட மாட்டாரு” என்றேன். அன்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போதும் பெட்டியில் சீட்டு போடுகிறேன், ஒன்றே ஒன்று. கண்ணாடியில் கழுத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் போர்ட் கிள்ளான் வரை போன அந்தத் தூக்கம்தான் நினைவுக்கு வருகிறது. நல்ல செய்தி எதுவும் கேட்காமலே, ஆண்டவரை நம்பி நான் தூங்கிய தூக்கம் அது.