எலிக் காலுக்கு மாவுக்கட்டு

மனிதர் காலுக்கு மாவுக்கட்டு போடுகிறவருக்கு ஊரில் மரியாதை உண்டு. எலிக் காலுக்குப் போடுகிறவனுக்குப் பெண் கிடைப்பதே கஷ்டம். அறுபதுகளில் சிதம்பரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எனக்கு அந்த உத்தியோகம். எலியின் பின்னங்காலைச் சில வாரம் கட்டிவைத்தால் சதை வற்றிவிடும். பிறகு கட்டைப் பிரித்து, பிரண்டைச் சாறு கொடுத்து, சதை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தம் வேலை இன்னதென்று பெண்வீட்டாருக்கு விளக்கத் தெரியாமல் விழித்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பெண் பார்த்த படலம்

மஞ்சக்குப்பத்தில் பெண். பெயர் வசந்தா. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று கேசரி தீர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். “என்னா வேல?” என்றார். பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். கதவுக்குப் பின்னால் வசந்தா சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. “நல்லா இருக்கற காலக் கட்டிப்போட்டு சூம்ப வச்சிட்டு, அப்பறம் வைத்தியம் பாக்கறீங்க. எம் பொண்ணயும் இப்படித்தான் வச்சிப்பீங்களா தம்பி?”

பஸ்ஸில் பிரண்டை

மங்கலம்பேட்டைப் பக்கம் பிரண்டை செழிப்பு. ஒரு மூட்டை அறுத்துக்கொண்டு பஸ் ஏறினால், என் கெட்ட நேரம், அதே கண்டக்டர். கூட்டத்தில் இடமில்லாமல் ஒரு பெரியவர் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். தண்டு நசுங்கி, சாறு சாக்கில் ஊறி, அவர் வேட்டியிலும் ஊறியது.

பச்சைப் பிரண்டை பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர் எழுந்து ஆட ஆரம்பித்தார். மூட்டையை நகர்த்தப்போன கண்டக்டருக்கு இரண்டு கையும் அரிப்பு. டிக்கெட் கிழிப்பதா, சொறிவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்துக் கத்தினார்: “எலிய விட்டுட்டு இப்ப மனுசன் மேலயே ஆராய்ச்சியா?”

பந்தி தர்மம்

கூண்டு கழுவ அஞ்சலை என்று ஒரு அம்மாள் இருந்தார். கட்டுப் பிரித்த எலிகள் இரண்டு வரிசை. ஒரு வரிசைக்குப் பிரண்டைச் சாறு, மற்றதற்கு வெறும் தண்ணீர். அப்போதுதானே வித்தியாசம் தெரியும்?

வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு வரிசையும் ஒரே மாதிரி கொழுத்தன. எங்கள் டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் விசாரித்தால், தண்ணீர் வரிசைக்கு அஞ்சலை தினமும் தன் வீட்டிலிருந்து பிரண்டைத் துவையல் சாதம் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறார். டாக்டர் குதித்தார். அஞ்சலை அசையவில்லை. “ஒரே பந்தியில ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தன ஏங்க வுட்டா, அது அடுக்குமா சார்?”

கண்டக்டர் கால்

அந்த வருஷமே கண்டக்டர் பஸ் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் முருங்கைக்காய் கணக்காக இருந்ததாம். தடி ஊன்றி நேரே எங்கள் கூடத்துக்கே வந்து நின்றார். அரிப்புக்குப் பழி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தார். “தினம் நடங்க, அதான் மருந்து. பிரண்டையப் பத்தி எங்களுக்கே இன்னும் ஒண்ணும் நிச்சயமில்ல” என்று உண்மையைச் சொன்னார். கண்டக்டர் காதில் வாங்கவில்லை. அஞ்சலை அவரைக் கூண்டுப் பக்கம் அழைத்துப்போய், தன் துவையல் தின்று கொழுத்த எலிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் குனிந்து எலிக் கால்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அந்தத் துவையல எனக்கும் அரைக்கச் சொல்லுங்க. புளி ஜாஸ்தியா போடணும், அரிக்கக் கூடாது, மாப்ள.”

பிரண்டை சதையை வளர்க்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சம்பந்தத்தை வளர்க்கும் என்பதற்கு மட்டும் அடுப்படியில் வசந்தா சாட்சி.